ஆணி அறையில் இருபத்தாறு வருஷம்

நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காருகிறவர் என்னிடம் கேட்பது மின்சாரக் காரைப் பற்றிய ஒரே கேள்விதான்.

"அக்கா, மின்சாரக் காடி வாங்கலாமா? அந்த பேட்டரி வெடிக்குமா, வெடிக்காதா?"

"எந்த பேட்டரி? எப்படி வெச்சிருப்பீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் முகம் சுருங்கிவிடும். இத்தனை வருஷம் பேட்டரி கம்பெனியில் இருந்த பொம்பளைக்கு ஒரு ஆமாம், இல்லை சொல்லத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவார். போன மாதம் நூருலும் போன் செய்தாள். என்னோடு வேலை செய்த மலாய்ப் பெண், இப்போது என் இடத்தில் இருப்பவள். "காக் சரஸ், புதுசா சோடியம் பேட்டரி லைன் வருது. பழைய கதையை எல்லாம் எங்காவது எழுதி வையுங்க, நாங்க கேட்டா பாதிதான் சொல்றீங்க" என்றாள். காக் என்றால் மலாயில் அக்கா. சரி, முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் மாமியார் ரொம்ப காலம் சொந்தக்காரர்களிடம், "எங்க சரசு பேட்டரி செய்யுது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தியதில்லை. உண்மையில் நான் ஒரு பேட்டரியும் செய்யவில்லை. மற்றவர்கள் செய்ததை வாங்கி ஆணி அடித்தேன், நசுக்கினேன், அடுப்பில் வைத்தேன், கீழே போட்டேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் ஊர் லாயாங் லாயாங்கில் பள்ளி முடித்ததும் உலு திராம் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோம். முதலில் டார்ச் லைட்டுக்கும் கம்பியில்லாத போனுக்கும் போகும் நிக்கல் பேட்டரி லைன். பிறகு லித்தியம் வந்தது. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு தனித் துண்டையும் செல் என்போம். நாள் முழுக்க செல்களைத் தட்டில் அடுக்கும் வேலை. கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். என் வீட்டுக்காரர் தனபாலன் அதே இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு தட்டிலிருந்து இனிப்பாக ஒரு வாசனை வந்தது. நகப் பூச்சைக் கழுவும் திரவத்தின் வாசனை மாதிரி. அந்தத் தட்டை ஒதுக்கி வைத்தேன். லைன் நின்றது. சூப்பர்வைசர் கத்தினார். சத்தம் கேட்டு சோதனை அறையிலிருந்து ஒருவர் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. குனிந்து தட்டை முகர்ந்தார்.

"தெங்ஙோக் டூலு" என்றார். முதலில் பார்ப்போம் என்று மலாயில்.

பார்த்தார்கள். மூடி சரியாக ஒட்டாமல் உள்ளே இருந்த திரவம் கசிந்திருந்தது. அடுத்த வாரம் என்னைச் சோதனை அறைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மனிதர்தான் மிஸ்டர் கோ. கோ என்றால் தமிழில் அரசன் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். அவர், "அப்படியானால் என் அறையில் மட்டும் ஏன் ஏர்கான் வேலை செய்வதில்லை?" என்று கேட்டார்.

அந்த அறைக்குப் பெரிய ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. கம்பெனியில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் அதை ஆணி அறை என்றுதான் சொல்வார்கள். முழுக்க சார்ஜ் ஏற்றிய செல்லுக்குள் ஆணியை இறக்கிப் பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை.

அது ஒரு முறைப்படி நடக்கும். செல்லை எடை போட வேண்டும். வோல்டேஜ் பார்க்க வேண்டும். வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பிகள் இரண்டை, சூடு தாங்கும் டேப்பால் அதன் மேல் ஒட்ட வேண்டும். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கதவின் இரண்டு கொண்டிகளையும் போட வேண்டும். புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிட்டு, அது உண்மையிலேயே சுற்றுகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஒரு செல்லுக்கு ஒரு புது ஆணி. ஆணியை இறக்க இரண்டு பொத்தான்கள், தோள் அகலம் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் அங்கே இருந்தால் எந்தக் கையும் கூண்டுக்குள் இருக்க முடியாதல்லவா?

முதல் முறை இரண்டையும் அமுக்கினேன். ஆணி இறங்கியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு உஸ்ஸென்று வெள்ளைப் புகை, அதன் பின்னாலேயே தீபாவளி புஸ்வாணம் மாதிரி நெருப்பு சீறிக்கொண்டு மேலே அடித்தது. கனத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கை தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் மிஸ்டர் கோ பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்தது.

அவர் கோபிக்கவில்லை. "என்ன பார்த்தாய்?" என்று கேட்டார்.

"ஃபெயில், சார்."

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். "அது நீ பார்த்தது இல்லை. நீ முடிவு செய்தது. என்ன பார்த்தாய்?"

எத்தனையாவது விநாடியில் புகை, என்ன நிறம், எந்த மூலையிலிருந்து, முதலில் சத்தமா நெருப்பா என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்போதுதான் பேனா மறுபடியும் வெளியே வந்தது. அவரோடு இருந்த வருஷங்கள் முழுக்க இதே கதைதான். பாஸ் என்று சொன்னாலும் பேனா பைக்குள் போய்விடும். பாதுகாப்பானது என்ற வார்த்தையை எந்த அறிக்கையிலும் அவர் எழுத விட்டதில்லை. "இந்த நிலையில், இவ்வளவு நேரம் பார்த்தோம், இது நடந்தது, இது நடக்கவில்லை" என்றுதான் எழுத வேண்டும். ஒருமுறைகூட அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்த செல்களை நீண்ட இடுக்கியால் எடுத்து, வெளியே தகரக் கொட்டகையில் இருக்கும் உப்புத் தண்ணீர்ப் பீப்பாயில் போடுவோம். மிச்சம் இருக்கும் சக்தி குமிழி குமிழியாக வெளியேறி அடங்கும். நூருல் அந்தப் பீப்பாயைப் பார்க்கும்போதெல்லாம், "காக், சூப் கொதிக்குது" என்பாள். எங்கள் அறையில்தான் அந்தத் தொழிற்சாலையிலேயே அதிகமாகச் சிரிப்புச் சத்தம் கேட்கும். நெருப்போடு வேலை செய்கிறவர்கள் இறுக்கமாக இருந்தால் கை தவறிவிடும் என்று மிஸ்டர் கோவே சொல்வார்.

சிரிக்க முடியாத ஒரு வாரமும் வந்தது.

டேப்லெட் கணினிக்கு ஒரு புது செல். ரொம்ப மெல்லியது. ஆனால் பழையதைவிட அதிக நேரம் ஓடும். எப்படி முடிந்தது என்றால், செல்லுக்குள் இரண்டு உலோகத் தகடுகளைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் தாளை இன்னும் மெல்லியதாக்கியிருந்தார்கள். அது முன்பே வெங்காயத் தோலைவிட மெல்லியது. அதிலும் குறைத்ததால் மிஞ்சிய இடத்தில் அதிகச் சக்தியை அடைத்திருந்தார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால் இரண்டாவது லைன் திறப்பார்கள், கிடைக்காவிட்டால் ஆட்களைக் குறைப்பார்கள் என்று கேன்டீனில் பேச்சு. தனபாலன் பெயரும் இரண்டாவது லைன் பட்டியலில் இருந்தது.

ஆணி, அடுப்பு, அதிக சார்ஜ் எல்லாவற்றிலும் அந்த செல் தேறிவிட்டது. கடைசியாக விழுந்து அடிபடும் சோதனை. முப்பது செல்களை ஒவ்வொரு பக்கமாகச் சிமெண்டுத் தரையில் விழ வைத்து, ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். புகை இல்லை, கசிவு இல்லை. சோதனைத் தாளை நிரப்பினேன். பதினேழாவது செல்லில் மட்டும் கை நின்றது. அதன் வோல்டேஜ் மூன்றாவது தசமத்தில் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். இன்னும் ஒரு புள்ளி இறங்கியது.

"என்ன பார்த்தாய்?" என்றார் மிஸ்டர் கோ.

"இறங்குது சார். ரொம்பக் கொஞ்சம். விதிக்குள்ளதான் இருக்கு."

அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெங்ஙோக் டூலு" என்றார். அந்த செல்லைக் கூண்டுக்குள் மணல் மேல் வைத்தோம். மறுநாளும் அது துளித் துளியாக இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற இருபத்தொன்பதும் அப்படியே நின்றன.

மேனேஜர் ஹாஷிம் வந்தார். கெட்டவர் இல்லை. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிறவர். அன்று கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு நின்றார்.

"காக் சரஸ், விதிப்படி பாஸ்தானே?"

"ஆமாம், சார்."

"அப்புறம் என்ன? வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்."

மிஸ்டர் கோ எனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "பார்த்தவள் அவள்தான். அவளையே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, நான் பார்த்ததை என் கையிலிருந்து பிடுங்க அவர் விரும்பவில்லை.

"விதிப்படி பாஸ்னு எழுதித் தர்றேன், சார். ஆனா அதுக்குக் கீழ கையெழுத்துப் போட என்னால முடியாது" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் தனபாலன் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"உன் கையெழுத்துலதான் நிக்குதாமே? கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"ஆமா."

"உண்மையாவே அது கெட்டதா?"

"தெரியல."

சின்ன மகள் சோபாவில் படுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் வாங்கிய டேப்லெட்டை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார். "அப்ப தெரியுற வரைக்கும் போடாத" என்றார். அதற்கு மேல் அந்த வாரம் முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளைப் பட்டியல் போடச் சொன்னால், அதைத்தான் முதலில் எழுதுவேன்.

வியாழக்கிழமை காலையில் மிஸ்டர் கோ கேட்டார்: "டேப்லெட்டைக் கீழே போட்டவர் அடுத்து என்ன செய்வார்?"

"எடுத்துத் துடைப்பாங்க. ஓடுதான்னு பார்ப்பாங்க."

"அப்புறம்?"

"சார்ஜ் போடுவாங்க."

"போடு."

பதினேழாவது செல்லுக்குக் கூண்டுக்குள்ளேயே சார்ஜ் போட்டோம். பதினோரு மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு பெண் இஞ்சினியர். என் வயதுதான் இருக்கும். கூண்டைப் பார்க்கும் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் மூன்றாவது தசமத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் தலையாட்டினார். கூண்டுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. செல் சாது மாதிரி மணலில் படுத்திருந்தது. ஹாஷிம் கடிகாரத்தைப் பார்த்தார். அவமானத்தில் எனக்குக் காது சூடானது. உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும், நுரைக்க ஆற்றிய தேத்தாரிக் டீயும் கொண்டு வரச் சொன்னார்கள்.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தபோது கணினித் திரையின் முன்னால் இருந்த நூருல் கத்தினாள்: "காக்! நாயிக்! நாயிக்!"

மலாயில் அதற்கு ஏறுகிறது என்று பொருள். பதற்றத்தில் என் தமிழ்க் காதுக்கு நாய் என்றுதான் கேட்டது. கீழே திரும்பித் தேடினேன். நிமிர்ந்தபோது வெப்பக் கோடு மலை மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தது. செல் உப்பியது. உஸ்ஸென்றது. அடுத்த விநாடி ஜன்னல் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம்.

விசிறி புகையை இழுத்துக்கொண்டு போனது. கூண்டு அசையவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் இஞ்சினியரின் கறிபாப் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. மெதுவாக அதைத் தட்டில் வைத்தார். என்னிடம் வந்து கேட்டார்: "முதலில் எப்போது பார்த்தீர்கள்?"

என் நோட்டைக் காட்டினேன். தேதி, நேரம், அந்த மூன்றாவது தசமம். ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதை எங்கள் ஆட்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் விரலில் கறிபாப் எண்ணெய். என் விரலில் மணல்.

அதே மாதிரி அடிபட்ட மற்ற செல்களைப் பிரித்துப் பார்த்தபோது, இரண்டில் மூலையில் அந்தப் பிளாஸ்டிக் தாள் மடங்கிக் கிழியப் பார்த்திருந்தது. தாளைப் பழையபடி கனமாக்கினார்கள். டேப்லெட் அவர்கள் ஆசைப்பட்ட அளவு மெல்லியதாக வரவில்லை, ஆசைப்பட்ட நேரமும் ஓடவில்லை. ஆர்டர் சில மாதம் தள்ளிப்போனது, ஆனால் போய்விடவில்லை. இரண்டாவது லைன் திறந்த அன்று தனபாலன் முதல் பெட்டியை ஃபோர்க்லிஃப்டில் தூக்கிக்கொண்டு, ஹார்ன் அடித்தபடி எங்கள் அறை வாசல் வழியாகச் சுற்றிப் போனார். விதிப்படி அந்த வழியில் ஃபோர்க்லிஃப்ட் வரக்கூடாது. ஹாஷிம் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோதனைத் தாளில் ஒரு புதுக் கட்டம் அச்சானது. "என்ன பார்த்தீர்கள்?" என்று மலாயில்.

சில வருஷம் கழித்து இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி வந்தது. நாங்கள் வழக்கம்போல எல்லாம் தயார் செய்து பொத்தானை அமுக்கினோம். ஆணி இறங்கியது. கொஞ்சம் புகை. சூடு ஏறி, மெல்ல இறங்கியது. அவ்வளவுதான்.

"இதுக்கா காத்திருந்தோம்? அலமாக்!" என்று சலித்துக்கொண்டாள் நூருல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ஆணி சரியாக இறங்கவில்லையோ என்று இன்னொன்றை வைத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

மிஸ்டர் கோ மட்டும் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெருப்பு வரவில்லை. புகை எங்கே போகிறது?" என்றார். விசிறி இருந்ததால் வெளியே போனது. காற்றே போகாத பெட்டிக்குள் நிறைய செல் இருந்தால், அந்தப் புகை தேங்கி, ஒரு பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். எடையும் அதிகம். அதே சக்திக்கு இது இன்னும் பெரியதாக, இன்னும் கனமாக இருக்கும். லேசாகவும் வேண்டும், நீண்ட நேரமும் ஓட வேண்டும், அமைதியாகவும் இருக்க வேண்டும் என்றால் அப்படி ஒரு பெட்டி இதுவரை என் கைக்கு வரவில்லை. நான் வெளியேறுவதற்கு முன் வந்த சோடியம் செல் எனக்குப் பிடித்திருந்தது. சக்தியை முழுக்க இறக்கிவிட்டு லாரியில் ஏற்றலாம், அதனால் கெட்டுப் போவதில்லை. ஆனால் இடத்தை அடைக்கும். திரவமே இல்லாத திட வகையிலும் மாதிரிகள் வந்தன. கொண்டு வந்தவர், "இது எரியவே எரியாது" என்றார். எனக்கு அந்த வாக்கியம் கேட்டால் உற்சாகம் வந்துவிடும். ஒரு புது ஆணியை எடுப்பேன். அவர் கொண்டு வந்ததில் பெரும்பாலானவை அமைதியாக இருந்தன. ஒன்று மட்டும் இருக்கவில்லை. அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம்.

வேலையை விட்ட பிறகு ஆணியைத் தொடவில்லை. ஆனால் இந்த வருஷம் ஒருமுறை கூப்பிட்டார்கள். எங்கள் லாயாங் லாயாங் கோயில் ரதத்துக்கு.

வருஷா வருஷம் ரதத்துக்குப் பின்னால் விளக்குகளுக்காக ஒரு டீசல் ஜெனரேட்டர் வரும். ஊரே அதிரும், புகை கண்ணைக் கரிக்கும். இந்த முறை பேட்டரி வைக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. தலைவர் சுப்ரா அண்ணன் தன் மச்சான் பழைய காடி பேட்டரியை வைத்துச் செய்த ஒரு பெட்டியைக் காட்டினார். இரண்டு பேர் தூக்கிவிடலாம், ரதத்தின் அடியிலேயே வைத்துவிடலாம்.

"எந்த காடியில இருந்து கழட்டினது, அண்ணே?"

"தெரியலையேம்மா. விபத்துல போன காடின்னு சொன்னான். பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஓடுது."

ரதத்தைச் சுற்றிப் பார்த்தேன். காய்ந்த மரம், பட்டுத் துணி, காகிதப் பூ. மேலே குருக்கள் உட்காரும் இடம். "ஓடுறது வேற, அண்ணே. அடிபட்டதை அம்மன் காலடியில வைக்க வேணாம்" என்றேன். இரும்பு பாஸ்பேட் பெட்டி ஒன்றை வரவழைத்தோம். ரதத்தில் வைக்கவில்லை, பின்னால் தனித் தள்ளுவண்டியில், புகை வந்தால் வானத்தைப் பார்த்துப் போக மேல்பக்கம் திறப்பு வைத்து. மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் தனபாலன் பொறுப்பு. தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

"என்னம்மா சரசு, அம்மனைவிடக் கனமா இருக்கே!" என்று மூச்சு வாங்கினார் சுப்ரா அண்ணன்.

"அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா. இழுங்கலா." எங்கள் ஊர்ப் பேச்சில் லா ஒட்டாமல் வாக்கியம் முடியாது.

சாயங்காலம் ஆறரைக்கு விளக்குகள் எரிந்தன. ரதம் நகர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. வழியில் நின்ற ஜனங்கள் இன்னும் புறப்படவில்லை என்று நினைத்து வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பிறகு கதவைத் திறந்துகொண்டு அவசரமாக ஓடி வந்தார்கள். சக்கரம் தாரில் உரசுவது கேட்டது. மணி கேட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல் கேட்டது, ராகத்தைவிட்டு வெகு தூரம் தள்ளி, ரொம்ப சந்தோஷமாக.

தனபாலன். தள்ளுவண்டியோடு நடந்துகொண்டே பஜனைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நடந்து இப்படித்தான் பாடியிருக்கிறார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்திய எனக்கும் தெரியாது.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு விஷயம் புரிந்து, சட்டென்று நிறுத்திவிட்டார். காது சிவந்துவிட்டது. சுப்ரா அண்ணன் முன்னாலிருந்து குரல் கொடுத்தார்: "ஏன் நிறுத்திட்டீங்க? பாடுங்கலா!"

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பைவிடச் சத்தமாக, முன்பைவிடத் தப்பாகப் பாடினார். பெண்கள் சிரித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடினார்கள். சரியான ராகத்தில் ஆரம்பித்தவர்கள் அவருடைய குரலோடு போராடித் தோற்று, ஒவ்வொருவராக அவர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஸ்டேஷன் சாலையை எட்டும்போது ஊரே அவருடைய தப்பான ராகத்தில் பாடிக்கொண்டிருந்தது.